என் பெயரில் போன பெட்டி

கிளினிக்கிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு பிளாசாவின் முன்னால் காரை நிறுத்தி, மடியில் சூடான இடியப்பப் பார்சலோடு உட்கார்ந்திருந்தேன். சொதியின் வாசம் கண்ணாடிகளில் ஆவியாகப் படிந்திருந்தது. வெளியே விழுந்துகொண்டிருந்தது பனியும் இல்லை, மழையும் இல்லை. முடிவெடுக்கத் தெரியாத ஒரு வானம்.

"அண்ணை, உங்கட ரெஸ்ற் றிசல்ட் வந்திருக்கு. டொக்டர் உங்களோடை கதைக்கோணுமாம். பயப்பிடாதேங்கோ" என்றது ஒரு பெண்குரல்.

அவர் அப்படிச் சொல்லும்வரை எனக்குப் பயம் இருக்கவில்லை.

"என்ன ரெஸ்ற், தங்கச்சி?"

"அதுதான், வீட்டிலை எடுத்துத் தபாலிலை அனுப்புறது. மலத்திலை இரத்தம் இருக்கோ எண்டு பாக்கிறது. இருக்கெண்டு காட்டுதாம்."

"நான் அதை அனுப்பவே இல்லையே!"

"அனுப்பியிருக்கிறியள் அண்ணை. உங்கட பேர், பிறந்த திகதி எல்லாம் சரியாத்தான் கிடக்கு."

பார்சலின் சூடு தொடையில் ஏறிக்கொண்டிருந்தது. அனுப்பாத ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. என்னுடையது அல்லாத இரத்தம் என் பெயரில் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். நான், மனைவி சுகந்தி, கீழே பேஸ்மென்டில் என் அண்ணை.

அண்ணை.

காரை எடுத்தேன். மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்கு ஐந்தாறு சிக்னல்தான். அன்றைக்கு எல்லாமே சிவப்பு.

ஒளித்து வைத்த இடம்

இங்கே ஐம்பது வயதைத் தொட்டவுடன் அரசாங்கம் உங்கள் குடலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கும். குடும்ப வைத்தியர் எழுதிவிட்டால் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே உங்கள் பெயரும் பிறந்த திகதியும் ஒட்டிய ஒரு குழாய், அதன் மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி, கொமட்டின் மேல் விரிக்க ஒரு கடதாசி. குச்சியால் அங்கே இங்கே சுரண்டி, குழாயில் போட்டு மூடி, தபாலில் சேர்த்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் ஆய்வுகூடம் கண்டுபிடித்துவிடும். உடம்பு வாயைத் திறப்பதற்கு முன்பே அதனிடம் கதை பிடுங்குகிற வித்தை.

இவ்வளவு சின்ன வேலை. ஆனாலும் நான் செய்யவில்லை. அந்தப் பெட்டி எங்கள் குளியலறையில் ஒரு விருந்தாளியைப் போல இருந்தது. போகவும் இல்லை, நானும் கவனிக்கவில்லை.

சுகந்தி விடமாட்டாள். "நான் மாமோகிராமெண்டு போய் நெஞ்சை ரெண்டு தட்டுக்கு நடுவிலை நசிக்கக் குடுத்திட்டு வந்திட்டன். உங்களுக்கு ஒரு குச்சியைப் பிடிக்கேலாமல் கிடக்கு. இதுக்குள்ளை உலகத்தின்ர வலியெல்லாம் எழுதுறாராம்!"

"நாளைக்குச் செய்யிறன்."

"நாளைக்கு நாளைக்கெண்டு அந்தக் குச்சிக்கே நரைச்சுப் போச்சு."

அவள் கண்ணில் படாமல் இருக்கட்டுமென்று பெட்டியைக் கீழே கொண்டுபோய், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு மேலே இருந்த தட்டில், சோப்பு பவுடருக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தத் தட்டைத் தினமும் பார்ப்பவர் அண்ணை.

தம்பியாகிப் போனவர்

பத்திரிகைக்கு எழுதிவரும் இந்தத் தொடரில் அண்ணையைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரை மட்டும் போடாதை. மற்றதை எழுது. என்னைப் போலை இன்னும் கனபேர் உலாவுறாங்கள், வாசிக்கட்டும்" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்டேலில் ஒரு பழைய மாடிக்கட்டடம். சுவரோடு ஒட்டிய வெப்பக் குழாய் இரவு முழுக்கச் சீறும். தரையில் மெத்தைகள், மெத்தைகளில் ஆண்கள். வேறு யாரோ ஒருவனின் பாஸ்போர்ட்டில் வந்திறங்கிய அண்ணைக்கு அந்த அறையில் ஒருவர் புத்தி சொன்னார்.

"பதினேழெண்டு சொல்லும். சின்னப்பிள்ளையெண்டால் அகதிக் கேஸ் லேசு. பள்ளிக்கூடத்துக்கும் விடுவாங்கள்."

அண்ணைக்கு அப்போது இருபத்துநாலு. ஒரே சொல்லில் ஏழு ஆண்டுகளைக் கழற்றி வைத்தார். கேஸ் வென்றது. பள்ளிக்கூடமும் கிடைத்தது. தாடி சதி செய்ததால் காலையில் ஒருமுறை, மதிய இடைவேளையில் ஒருமுறை சவரம். "எங்கட பக்கம் பெடியளுக்கு வெள்ளென முளைக்கிறது" என்று வகுப்பில் விளக்கம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளை நம்பி, பாவம் என்று ஒரு சாக்லேட்டும் கொடுத்ததாம்.

நான் பின்னால் வந்தேன். விமான நிலையத்தில் அவரைக் கண்டதும், வழக்கம்போல ஏதாவது சொல்லி அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஏன் மெலிஞ்சாய், ஏன் தொப்பி போடேல்லை, ஏன் பேந்தப் பேந்த முழிக்கிறாய், எதையாவது. அவர் என் காதருகே குனிந்து, "இனி நீதான் மூத்தவன். மாறிக் கதைச்சுப்போடாதை" என்றார்.

என் அகதி விசாரணையில் கேட்டார்கள். எனக்கு ஒரு தம்பி இருக்கிறார், இங்கே படிக்கிறார் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். எனக்கு நாலு வயது மூத்தவர் அந்த மேசையில் மூன்று வயது இளையவராக இறங்கி வந்தார்.

அதன் பிறகு வெளியே போனால் அவர் என்னை "அண்ணை" என்பார், நான் அவரைத் "தம்பி" என்பேன். பஸ்ஸில், கடையில், லொண்டரியில். யார் காதில் விழுமோ, யார் போய்ச் சொல்வார்களோ என்ற பயம். அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் இருவரும் வயிறு நோகச் சிரிப்போம். ஆனால் நாடகத்தைக் கனகாலம் நடித்தால் வேடம் தோலோடு ஒட்டிவிடும்போல. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் கதவைச் சாத்திய பிறகும் அவர் என்னை அதட்டவில்லை.

வீடு வாங்கும்போது நான் முன்னால் நின்றேன், அவர் பின்னால் நின்றார். "நீ சொன்னாச் சரி" என்றார். எந்தப் பேச்சுக்கும் அதுதான் பதில். எனக்கு வீடு கிடைத்தது, மனைவி கிடைத்தாள், எழுத்து கிடைத்தது. தலைக்கு மேலே இருந்த ஒரு குரல் மட்டும் போய்விட்டது. இந்த நகரத்தில் எத்தனையோ தரம், நடுவீதியில், சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு, யாராவது என்னை "டேய்" என்று கூப்பிட மாட்டார்களா என்று நின்றிருக்கிறேன்.

எந்தப் பிறந்தநாளுக்கு?

கலியாணம் பேசாமல் இல்லை. மிசிசாகாவில் ஒரு குடும்பம். சாதகம் கேட்டார்கள். சாதகம் உண்மையான பிறந்தநாளுக்குத்தானே பொருந்தும், கொடுத்தோம். பொருத்தமும் வந்தது. பிறகு பெண்ணின் தகப்பன் அண்ணையின் லைசென்ஸைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார்.

"தம்பி, கோவிக்கக்கூடாது. நான் எந்தப் பிறந்தநாளுக்குப் பொம்பிளை தாறது? சாதகத்திலை இருக்கிற பெடியனுக்கோ, லைசென்ஸிலை இருக்கிற பெடியனுக்கோ?"

அண்ணை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சாதகத்தையும் வெளியே எடுக்க விடவில்லை.

அண்ணைக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. முழங்கால் தேய்ந்துவிட்டது. அறுபத்தைந்தில் வரும் பென்ஷன் அவருக்கு எழுபத்திரண்டில் வரும். ஹெல்த் கார்டில் உள்ள மனிதன் இன்னும் ஓடித் திரிகிற வயசுக்காரன். படியேறுகிறவர் வேறு ஆள். உடம்பு சாதகத்தின்படி நடந்தது. அரசாங்கத்தின் தபால்களோ கார்டின்படி வந்தன. ஐம்பது வயதுப் பெட்டி முதலில் எனக்கு வந்ததற்கும் அதுதான் காரணம். அரசாங்கத்தின் கண்ணில் நான் மூத்தவன்.

வெட்டினால் யாரை?

இடியப்பப் பார்சலோடு நேராகக் கீழே இறங்கினேன். அண்ணை வேலை முடித்து நித்திரைகொண்டு எழும்பி, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்ர பெட்டி எங்கை?"

"என்ன பெட்டி?"

"சோப்பு பவுடருக்குப் பக்கத்திலை கிடந்த பெட்டி."

கோப்பையைக் கீழே வைத்தார். "அது சும்மாதானே கிடந்தது."

"ஏன் அண்ணை?"

மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்தார். பிறகு, வேலையிடத்துச் சேதி சொல்வதுபோல, "இரத்தம் போகுது" என்றார். "கோடை முடியேக்கை துவங்கினது. மூலவியாதியாக்கும் எண்டு விட்டிட்டன். பிறகு ரேடியோவிலை சொல்லிச்சினம், அம்பது தாண்டினால் இதைச் செய்யோணுமெண்டு. எனக்குத் தாண்டீட்டுதுதானே. கார்டுக்குத்தான் தாண்டேல்லை."

"டொக்டரிட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"என்னெண்டு சொல்லுறது? வயசைக் கேட்டால்? ஒண்டைச் சொன்னால் மற்றது வரும். மற்றது வந்தால் எல்லாம் வரும். சிற்றிசன்ஷிப்பைப் பிடுங்கினாங்களெண்டால் இந்த வயசிலை நான் எங்கை போறது?"

கிளினிக்கிலிருந்து வந்த சேதியைச் சொன்னேன். இரத்தம் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பலருக்கு ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். ஆனால் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

அவர் முகத்தில் ஓடிய நிழல் ஒரு கணம்தான். "அப்ப அதையும் உன்ர பேரிலையே செய்விப்பம்" என்றார்.

"கார்டிலை படம் இருக்கு அண்ணை."

"எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே. நான் வந்த பாஸ்போர்ட்டிலை இருந்தது என்ர மூஞ்சியே? வந்தனான்தானே."

"கமராவிலை ஏதும் கண்டு வெட்டவேண்டி வந்தால்? ஆரின்ர குடலை வெட்டினதெண்டு எழுதுவாங்கள்?"

"உன்ரையை."

"பகிடி விடாதேங்கோ. ஏதும் நடந்தால்?"

"நடந்தால் நீதான் செத்தது. நான் இருப்பன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெயரில் அவர் எரிந்துபோவதையும், அவர் பெயரில் ஒரு பொய்வயதுக்காரன் எங்கோ உயிரோடு திரிவதையும் பேஸ்மென்டின் அந்தப் பதிந்த கூரையின் கீழ் நின்று கண்டேன். அண்ணை என்று எழுதி வைக்க ஒரு இடமும் மிஞ்சாது. அப்படி ஒருவர் எனக்கு இருந்தார் என்பதற்கு என் வாய் மட்டும்தான் சாட்சி.

"நாளைக்கு என்னோடை டொக்டரிட்டை வாறியள்" என்றேன். என் குரல் எனக்கே கடினமாகக் கேட்டது.

அவர் எழும்பி நின்று என்னைத் திட்டியிருக்கலாம். உன்ர வேலையைப் பார் என்று சொல்லியிருக்கலாம். "சரி. நீ சொன்னாச் சரி" என்றார். சோப்பு பவுடர் வாசத்துக்கு நடுவே, அந்தப் பணிவு என்னை அறுத்தது.

வயது கேட்காத கேள்வி

எங்கள் குடும்ப வைத்தியர் இங்கேயே வளர்ந்த பிள்ளை. எங்களை அங்கிள் என்று கூப்பிடுவார், தமிழில்தான் திட்டுவார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பெட்டி, குச்சி, பெயர், வயது. அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், என்னைப் பாருங்கோ" என்றார் டொக்டர். "நான் இமிகிரேஷன் இல்லை. இரத்தம் போகுதெண்டால் இருவத்தஞ்சு வயசுப் பெடியன் வந்தாலும் நான் பாப்பன். அதுக்கு அம்பது ஆகத் தேவையில்லை. அந்தப் பெட்டி ஒரு கரைச்சலும் இல்லாத ஆக்களுக்கு. இரத்தம் கண்ட ஆள் பெட்டி தேடுறேல்லை. நேரா என்னட்டை வாறது. விளங்குதோ?"

"வயசு கேப்பியளெண்டு..."

"கேக்கிறன்தான். உங்கட உடம்பைப் பாக்கிறதுக்குக் கேக்கிறன். நீங்கள் சொல்லுறது இந்த அறையை விட்டு வெளியிலை போகாது. இப்ப சொல்லுங்கோ, உண்மையா எத்தினை?"

அண்ணை என்னைப் பார்த்தார், அனுமதி கேட்பவரைப்போல. நான் தலையசைத்தேன்.

"அம்பத்தாறு."

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்த மனிதர் தன் வயதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு மூச்சுவிட்டார். தோள்கள் இறங்கின. ஒரே நிமிடத்தில் கிழவராகிவிட்டதுபோலவும், ஒரே நிமிடத்தில் என் அண்ணையாகிவிட்டதுபோலவும் இருந்தது.

கோடை முடிவிலிருந்து இத்தனை மாதம், தேவையில்லாத ஒரு கேள்விக்குப் பயந்து, தேவையான பதிலைத் தள்ளி வைத்திருந்தார்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்கட பேரிலை வந்த றிசல்ட்டை நான் திருத்தோணும். அது இருக்கட்டும், உங்கட ரெஸ்ற் எங்கை? அவராவது பயத்திலை பிழை விட்டவர். நீங்கள்?"

நான் மேலங்கியின் பொத்தான்களைப் போடத் தொடங்கினேன்.

சில கிழமைகளுக்குள் அண்ணையின் சொந்தப் பெயரில், சொந்த உடம்பில், கமரா போனது. குடலின் ஒரு வளைவில் ஒரு கட்டி. புற்றுநோய்தான். ஆனால் குடலின் சுவரைத் தாண்டாத ஒன்று. வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றத் தேவையில்லை, ஒழுங்காக வந்து காட்டினால் போதும் என்றார் சத்திரசிகிச்சை செய்தவர். கார்டுக்கு ஐம்பது ஆகும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் கையை மட்டும் விரித்தார்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது கார்டில் ஒரு வயதும் உடம்பில் ஒரு வயதும் இருந்தால், உடம்பின் வயதை உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் பயத்தைவிட அந்த அறையின் கதவு தடிப்பமானது.

படியேறி வந்த குரல்

அண்ணைக்கு வந்ததால் எனக்கும் கணக்கு மாறியது. கூடப்பிறந்தவர்களுக்கு இனிப் பெட்டி போதாது, நேரே கமராதான் என்றார் டொக்டர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பழைய வியாதி போகவில்லை. ஒரு கிழமை போனது, இன்னொன்று போனது. பனி கரைந்து புல் தெரிந்தது. சுகந்தி கேட்டபோது, "நாளைக்குப் போன் பண்ணுறன்" என்றேன்.

அவள் என்னோடு வாதாடவில்லை. படிக்கட்டின் தலைப்பில் நின்று கீழே குரல் கொடுத்தாள். "அண்ணை! உங்கட தம்பி நாளைக்காம்."

கீழே ஒரு கதிரை நகர்ந்த சத்தம். பிறகு படிகளில் காலடி. முழங்காலுக்காக ஒன்று, வயிற்றுத் தையலுக்காக ஒன்று என்று நின்று நின்று ஏறிவந்த காலடி. குசினி வாசலில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"டேய்!"

என் கையிலிருந்த பேனா நின்றது.

"ஆரடா உனக்கு நாளைக்கெண்டு சொன்னது? என்னைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனாய். உனக்கு வேறை சட்டமோ? எடடா போனை. இப்ப. எனக்கு முன்னாலை."

எடுத்தேன். நம்பரை அழுத்தினேன். நேரம் தந்தார்கள்.

கமராவுக்கு முதல்நாள், குடலைச் சுத்தமாக்கக் குடிக்கும் மருந்தைப் பெரிய சாடியில் கரைத்து சுகந்தி மேசையில் வைத்தாள். அண்ணை எதிரே கதிரை போட்டு உட்கார்ந்தார். யன்னலுக்கு வெளியே பின்னேர வெளிச்சம் பக்கத்து வீட்டுக் கூரையில் சரிந்துகொண்டிருந்தது. முதல் மிடறிலேயே எனக்குக் குமட்டியது.

"உப்பாக் கிடக்கு அண்ணை."

"உப்பெண்டால் உப்புத்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு குடி. நான் குடிக்கேல்லையே?"

"கொஞ்சம் பொறுத்து..."

"பொறுக்கிறதாவது! முகத்தைப் பார், வேப்பெண்ணெய் பருக்கின மாதிரி. சாடி முடியுமட்டும் நான் இதிலையிருந்து அசையமாட்டன். கோப்பையைக் கீழை வைச்சியெண்டால் அடி விழும், சொல்லிப்போட்டன்."

சுகந்தி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீசை நரைத்த நான், இன்னொரு நரைத்தவருக்கு முன்னால், இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பாதி குடித்திருந்தேன். மிச்சத்தையும் ஒரே மூச்சில் முடித்திருக்கலாம்.

அவர் முகத்தையே பார்த்தபடி, கோப்பையை மெல்ல மேசையில் வைத்தேன்.